கணக்கில் வராத ஆட்டம்!

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பிராடன்டன் என்று ஓர் ஊர். 'பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்' என்ற பேஸ்பால் அணியின் பயிற்சிக் கூடம் அங்கே இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு விநோதமான ஆட்டத்தைப் பார்க்கலாம்.

டிக்கெட் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. வேலி ஓரமாக மடக்கு நாற்காலி போட்டு விரல் விட்டு எண்ணக்கூடிய பேர் உட்கார்ந்திருப்பார்கள். மைதானத்தில் பதினேழு, பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் ஆடிக் கொண்டிருப்பார்கள். யார் ஜெயித்தது என்று கேட்டால் யாரும் அக்கறையாகப் பதில் சொல்ல மாட்டார்கள். அந்த ஆட்டத்தின் ஓட்டங்கள் எந்த அதிகாரபூர்வமான ஏட்டிலும் ஏறுவதில்லை.

இதற்கு 'இன்ஸ்ட்ரக்ஷனல் லீக்' என்று பெயர். தமிழில் 'பயிற்சி லீக்' என்று சொல்லலாம். வெற்றி தோல்வி இல்லாத இந்த ஆட்டத்தில்தான் பல இளைஞர்களின் தலையெழுத்து தீர்மானமாகிறது. நம் நாட்டுப் பையன்கள் இருவரும் இதே பிராடன்டன் மண்ணில்தான் பேஸ்பால் பழகினார்கள்!

கிரிக்கெட்டுக்குத் தாயாதி

கிரிக்கெட் தெரிந்தவருக்கு பேஸ்பால் புரிவது சிரமம் இல்லை. தரப்புக்கு ஒன்பது பேர். ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த இன்னிங்சில் ஒரு தரப்பின் முறை முடிந்தது. பந்து தரையில் குத்தி வராது. 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து மட்டைக்கு நேராக எறிவார்கள். முழங்கையை மடக்கி எறியலாம். எறிபவருக்கு 'பிட்சர்' என்று பெயர். மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் 'கேட்சர்'. நம் விக்கெட் கீப்பர் மாதிரி.

அங்கே பெரிய அணிகள் 30. அமெரிக்காவில் 29, கனடாவில் ஒன்று. இதுதான் 'மேஜர் லீக்'. ஓர் அணிக்கு 26 பேர்தான். அந்த 26-ல் ஒருவராக வருவதற்கு ஏற வேண்டிய படிகள் பல.

ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு சிறிய அணிகள் உண்டு. ஆக 120 அணிகள். இதற்கு 'மைனர் லீக்' என்று பெயர். அதற்கும் கீழே, பயிற்சிக் கூடத்திலேயே ஆடும் புதுமுகங்களின் அணிகள் இருக்கின்றன. ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தவர் தேர்வு எழுதி, தேர்வு எழுதி மேலே போவது போலத்தான் இதுவும். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஓய்வு பெறும் வயது வரை யாரையும் வைத்திருப்பதில்லை. முன்னேறவில்லை என்றால் இரண்டு, மூன்று வருஷத்தில் சீட்டு கிழிந்துவிடும்!

அமெரிக்கப் பையன்களை ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்வு செய்கிறார்கள். 2021 முதல் இந்தத் தேர்வு 20 சுற்றுகள். டொமினிகன் குடியரசு, வெனிசுலா போன்ற நாடுகளின் ஏழைப் பையன்களோ 16 வயதிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இங்கே சட்டமே வேறு!

மைனர் லீக் ஆட்டங்கள் செப்டம்பரில் முடிகின்றன. அதன் பிறகு, 'இவனைச் செதுக்கினால் தேறுவான்' என்று தோன்றுகிற பையன்களை மட்டும் அணி பொறுக்கி எடுக்கிறது. பாதி அணிகளின் பயிற்சிக் கூடம் புளோரிடாவில். மறு பாதி அரிசோனாவில் பீனிக்ஸ் நகரைச் சுற்றி. அங்கே சில வாரங்கள் பயிற்சி நடக்கும். நம் மும்பை ஆசாத் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் அக்கம் பக்கத்தில் நடக்குமே, அது போலப் பக்கத்துப் பக்கத்தில் மைதானங்கள். காலையில் பாடம், அப்புறம் ஆட்டம். சமீப ஆண்டுகளில் சில அணிகள் அடுத்த அணியோடு மோதுவதைக் குறைத்துக் கொண்டு, தங்களுக்குள்ளேயே முகாமாக நடத்துகின்றன.

ஆட்டத்தின் சட்டம் வேடிக்கையானது. ஒரு பிட்சர் இத்தனை பந்துதான் எறியலாம் என்று கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு முடிந்தால், மூன்று பேர் அவுட் ஆகாவிட்டாலும் அந்த இன்னிங்சை அப்படியே முடித்து விடுவார்கள். மூன்று பேர் சீக்கிரம் அவுட் ஆகிவிட்டால், 'இன்னும் பந்து பாக்கி இருக்கிறது, எறி' என்று நீட்டிக்கவும் செய்வார்கள். தரப்புக்கு ஒன்பது பேர் மட்டையடிக்க வேண்டிய இடத்தில் பத்து, பன்னிரண்டு பேர் அடிப்பார்கள். இரண்டு மாநில அணிகள் மோதும் போது இப்படிச் செய்தால் கலவரமே நடக்கும். இங்கே யாரும் முணுமுணுப்பதில்லை.

அடி வாங்கினாலும் பாராட்டு!

இந்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் மூன்று வகை. அணியின் அதிகாரிகள், மற்ற அணிகளிலிருந்து வந்து வேகமானியும் கையுமாக நிற்கும் ஆள் தேடிகள், அப்புறம் சில தீவிர ரசிகர்கள். இந்த ரசிகர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். கையில் நோட்டுப் புத்தகம். பையன்களின் சட்டையில் பல சமயம் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. எண்ணை வைத்துப் பெயரைக் கண்டுபிடித்து எழுதிக் கொள்வார்கள். ஐந்து வருஷம் கழித்து அந்தப் பையன் டெலிவிஷனில் ஆடும் போது, 'இவனை நான் அன்றைக்கே பார்த்தேன்' என்று சொல்வதில் அவர்களுக்கு ஓர் ஆனந்தம்.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஓர் உதாரணம். ஒரு பையன் மணிக்கு 95 மைல் வேகத்தில் எறிவான். ஆனால் மெதுவான பந்து அவனுக்குக் கைவராது. வெறும் வேகத்தை வைத்துக் கொண்டு மேல் படியில் பிழைக்க முடியாது. 'இன்றைக்கு மெதுவான பந்து மட்டும் எறி' என்று கோச் சொல்லியிருப்பார். அவன் எறிவான். எதிராளி விளாசித் தள்ளுவான். விவரம் தெரியாதவர், 'இவன் எதற்கும் உதவமாட்டான்' என்று எழுந்து போய் விடுவார். விவரம் தெரிந்தவர் ஓட்டங்களை எண்ண மாட்டார். அடி வாங்கிய பிறகும் பையன் சொன்னதைச் செய்கிறானா, இல்லை பயந்து போய்ப் பழைய வேகப்பந்துக்கே திரும்புகிறானா என்று கவனிப்பார். அன்று பத்து அடி வாங்கியவனைக் கோச் தட்டிக் கொடுப்பதும் உண்டு!

வேலையே மாறும்

ஆளையே வேறு வேலைக்கு மாற்றிப் பார்ப்பதும் மைனர் லீக்கில் நடக்கும் காரியம்தான்.

டிரெவர் ஹாஃப்மன் என்பவர் ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் பந்து தடுக்கும் வீரராகச் சேர்ந்தார். மட்டை வீச்சில் தேறவில்லை. கை மட்டும் பலமான கை. 1991-ல் அவரை பிட்சராக மாற்றினார்கள். ஆட்டத்தின் கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுப்பது அவர் வேலையாயிற்று. 601 ஆட்டங்களை அப்படிக் காப்பாற்றி, 2018-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

கியூராசோ தீவைச் சேர்ந்த கென்லி ஜான்சன் கேட்சராக இருந்தவர். 2009-ல் பிட்சராக மாறினார். அடுத்த வருஷமே மேஜர் லீக்கில் எறிந்தார்!

மைக் பியாசாவின் கதை இன்னும் ருசிகரம். 1988 தேர்வில் அவர் பெயர் 62-வது சுற்றில், 1390-வது ஆளாக வந்தது. அணி அவரை கேட்சராக மாற்றியது. தொழில் கற்க டொமினிகன் குடியரசு முகாமுக்குப் போனார். சுற்றிலும் ஸ்பானிஷ் பேசும் பையன்கள். அங்கே குந்தியிருந்து பழகியவர், 1993-ல் ஆண்டின் சிறந்த புதுமுகமானார். 2016-ல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஆரம்ப ஆட்டங்களின் ஓட்டக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இவர்கள் எல்லாம் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள்.

நம் பையன்கள்

ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். ரிங்குவின் தகப்பனார் லாரி டிரைவர். இருவரும் ஈட்டி எறிதல் பழகியவர்கள். 2008-ல் இந்தியாவில் வேகமாகப் பந்து எறிபவர்களைத் தேடி ஒரு போட்டி நடந்தது. ரிங்கு முதலிடம் பெற்று ஒரு லட்சம் டாலர் பரிசு வாங்கினார். தினேஷ் அடுத்த இடம். இருவரையும் லாஸ் ஏஞ்சல்சுக்குக் கூட்டிப் போய், டாம் ஹவுஸ் என்ற கோச்சிடம் விட்டார்கள். பேஸ்பாலும் புதிது, இங்கிலீஷும் புதிது. அதே ஆண்டு நவம்பரில் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

2009 ஜூலை 4-ந் தேதி, புளோரிடாவில் புதுமுகங்களின் லீக்கில் இருவரும் முதன் முதலாக எறிந்தார்கள். ஜூலை 13-ந் தேதி ரிங்குவின் பெயரில் ஒரு வெற்றி பதிவாயிற்று. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியருக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான்.

தினேஷை 2010 கடைசியில் அணி விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு மேலும் சில படிகள் ஏறினார். பிறகு கையில் காயம், அறுவை சிகிச்சை. மேஜர் லீக்கை எட்டாமலே அவருடைய பேஸ்பால் முடிந்தது. 2018-ல் மல்யுத்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். இவர்கள் கதை 2014-ல் ஹாலிவுட் படமாக வந்தது. இசை அமைத்தவர் நம் ஏ.ஆர்.ரகுமான்! படம் வெற்றிக் களிப்போடு முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத் தியேட்டரில் பார்த்தவர்கள் அறியமாட்டார்கள்.

சம்பளம் இல்லாத வேலை

இனிதான் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி.

நமக்கு அப்ரண்டிஸ் என்றால் தெரியும். பரேல் ஒர்க்ஷாப்பில் சேர்ந்த பையனுக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் உதவித்தொகை உண்டு. 1961-ம் வருஷத்துச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. ஆனால் கோடி கோடியாகப் பணம் புரளும் அமெரிக்க பேஸ்பாலில், மைனர் லீக் பையன்களுக்குப் பல காலம் ஆட்ட மாதங்களுக்கு மட்டும்தான் சம்பளம். வசந்த காலப் பயிற்சிக்கும், இந்தப் பயிற்சி லீக்குக்கும் சம்பளம் கிடையாது. 'கற்றுக் கொள்கிறாய், அதற்கு எதற்குக் கூலி?' என்பது முதலாளிகளின் வாதம்.

2014-ல் முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர் காரெட் புராஷஸ். அவரே மைனர் லீக்கில் ஆறு வருஷம் பந்து எறிந்துவிட்டு, மேலே போக முடியாமல் சட்டம் படித்து வக்கீலானவர்! வழக்கு எட்டு வருஷம் இழுத்தது. 2022 மார்ச்சில் நீதிபதி, பயிற்சிக் காலத்திலும் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தார். அந்த ஆண்டே 18 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் மைனர் லீக் பையன்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடிமட்டப் புதுமுகத்தின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 டாலராகியது. மேல் படியில் 17,500 டாலர் 35,800 ஆனது.

எல்லாம் லாபம் என்று சொல்லிவிட முடியாது. அதே ஒப்பந்தத்தின்படி, ஓர் அணி அமெரிக்காவில் வைத்துக் கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்களின் எண்ணிக்கை 180-லிருந்து 165 ஆகக் குறைந்தது. சம்பளம் ஏறியது, இடம் சுருங்கியது. டொமினிகன் குடியரசிலேயே இருந்து ஆடுகிற பையன்கள் அந்த ஒப்பந்தத்துக்குள் வரவேயில்லை.

வேலி ஓரத்து ரசிகருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். அவர் பையனின் கையைப் பார்க்கிறார். ஆனால் அந்தக் கை வயிற்றுக்காகவும் எறிகிறது. தொழில் கற்கும் நாளும் வேலை நாளே என்பதை நிலைநாட்ட ஒரு வழக்கும், ஒரு சங்கமும் வேண்டியிருந்தன. புளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் அந்த நியாயம் வந்துவிட்டது. 16 வயதில் கையெழுத்துப் போட்டுவிட்டு டொமினிகன் முகாமில் காத்திருக்கும் பையனுக்கும் அது போய்ச் சேர வேண்டும் அல்லவா?