தாளம் தவறும் இதயம்: நோயாளி கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

நாடித்துடிப்பை எண்ணும் செயல்பாட்டை நம்மில் பலரும் வகுப்பில் செய்து காட்டியிருப்போம். மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, ஒரு நிமிடம் எண்ணச் சொல்வோம். ஒரு மாணவி 80 என்பாள், இன்னொரு மாணவன் 92 என்பான். கரும்பலகையில் எழுதிச் சராசரி காண்போம். அதே செயல்பாட்டில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட நேரம் சமமாக இருக்கிறதா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதய நோயைக் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டாவது கேள்விதான்.

நடுநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு வயது 46. எட்டு மாதங்களாக இந்த நோயுடன் வாழ்கிறேன். ஜூலையில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் இரத்த அழுத்தம் பார்த்தபோது கருவி ‘சீரற்ற துடிப்பு’ என்ற குறியைக் காட்டியது. அன்றே எடுத்த இ.சி.ஜி. அதை உறுதிசெய்தது. அதன்பின் மருத்துவரிடம் கேட்டறிந்ததையும், சிகிச்சைகளை ஒப்பிட்டு நான் எடுத்த முடிவையும் சக ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனோ ஏட்ரியல் கணு, ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலை அனுப்புகிறது. அது இரு மேலறைகளிலும் பரவி, நடுவில் உள்ள ஏட்ரியோ வெண்ட்ரிக்குலார் கணுவில் ஒரு நொடிக்கும் குறைவாகத் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறை சுருங்கிய பிறகே கீழறை சுருங்குவது இந்தத் தாமதத்தால்தான்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இந்த ஒழுங்கு குலைகிறது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான தூண்டல்கள் ஓடுகின்றன. அறை சுருங்குவதில்லை, நடுங்குகிறது. இறைவணக்கக் கூட்டத்தில் ஒருவர் பாட மற்றவர்கள் பின்பாடுவதற்குப் பதிலாக, நானூறு பேரும் ஆளுக்கொரு பாட்டைத் தொடங்கினால் எப்படி இருக்கும்? அதுதான் மேலறையின் நிலை. நடுவிலுள்ள கணு, வாயிற்காவலர் போல அவற்றில் சிலவற்றை மட்டுமே கீழே விடுகிறது. எந்த நொடியில் எது நுழையும் என்று சொல்ல முடியாததால் நாடி சீரற்று ஓடுகிறது.

தானாகவே ஏழு நாட்களுக்குள் அடங்கிவிட்டால் அது விட்டுவிட்டு வரும் வகை. ஏழு நாட்களைத் தாண்டினால் நீடித்த வகை. ஓராண்டுக்கு மேல் இடைவிடாமல் தொடர்ந்தால் நெடுநாள் நீடித்த வகை. எனக்கு இருப்பது நீடித்த வகை. இந்தப் பெயர்கள் சிகிச்சைத் தேர்வுக்கு முக்கியம். நாள் ஆக ஆக மேலறை விரிவடைந்து, அதன் தசையில் நார்த்திசு கூடி, பழைய தாளத்துக்குத் திரும்புவது கடினமாகிறது.

முதல் கேள்வி: இரத்தக் கட்டியை எப்படித் தடுப்பது?

நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்குகிறது. இடது மேலறையில் சிறு பை போன்ற ஒரு நீட்சி உண்டு. இதயவால்வு நோய் இல்லாதவர்களுக்குக் கட்டி உருவாவது பெரும்பாலும் அந்தப் பையில்தான். அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம்.

ஆனால் எல்லோருக்கும் அது ஒரே அளவில் இல்லை. மருத்துவர்கள் மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வயது ஆகியவற்றுக்குத் தலா 1. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2, வயது 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2. பழைய முறையில் பெண்களுக்குக் கூடுதலாக 1 சேர்ப்பார்கள். 2024-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை நீக்கிவிட்டது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளதால் என் மதிப்பெண் 2. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவை என்பது அதிலேயே முடிவாகிவிட்டது.

இம்மருந்துகள் பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கின்றன. வார்ஃபரின், அசினோகுமரால் போன்ற பழைய மருந்துகளுக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்து, அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். அவற்றை உண்பவர்கள் கீரையை விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் அறவே இல்லை என்றால் அளவு தடுமாறும். டபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. ஒரு முக்கிய விலக்கு உண்டு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் பழைய மருந்தே உரியது. அதனால்தான் எக்கோ பரிசோதனையில் வால்வைப் பார்த்த பிறகே மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எக்கோவில் என் வால்வுகள் நன்றாக இருந்தன, இடது மேலறை மட்டும் சற்றே விரிந்திருந்தது. எனக்கு அபிக்சபான், காலை ஒன்று, இரவு ஒன்று. ஆஸ்பிரின் இதற்கு மாற்று ஆகாது.

இரண்டாவது கேள்வி: வேகமா, தாளமா?

கட்டியைத் தடுத்த பிறகு இரண்டு பாதைகள் உள்ளன. தாளம் தவறியபடியே இருக்கட்டும், வேகத்தை மட்டும் குறைப்போம் என்பது ஒன்று. மெட்டோப்ரோலால், டில்டியசம், டிஜாக்சின் ஆகியவை அதற்கான மருந்துகள். டிஜாக்சின் குடும்பத்தின் கதை வகுப்பில் சொல்லத் தகுந்தது. ஃபாக்ஸ்கிளவ் என்ற பூச்செடியின் இலையைப் பற்றி இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் 1785-இல் நூல் வெளியிட்டார். ஓய்வில் நாடி 110-க்குள் இருந்தாலே பலருக்குப் போதும் என்று 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

மற்றொரு பாதை, இயல்பான தாளத்தையே மீட்பது. அதற்கு மூன்று வழிகள். முதலாவது, குறுகிய மயக்கம் கொடுத்து மார்பின் வழியே மின் அதிர்ச்சி தருவது. அதற்கு முன் மூன்று வாரங்களும் பின் குறைந்தது நான்கு வாரங்களும் உறைவுத் தடுப்பு மருந்து தவறக்கூடாது. இரண்டாவது, அமியோடரோன் போன்ற மாத்திரைகள். அமியோடரோன் வலிமையானது, ஆனால் அயோடின் அடங்கியது. தைராய்டு, கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது, அப்லேஷன். தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நுரையீரல் சிரைகள் இடது மேலறையில் சேரும் இடத்தைச் சுற்றித் தழும்பு ஏற்படுத்தி, தவறான தூண்டல்கள் உள்ளே வராமல் தடுப்பது. அத்தூண்டல்கள் பெரும்பாலும் அந்தச் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்பதை 1998-இல் பிரான்சின் போர்டோ நகரில் மிஷேல் ஹைசாகேர் குழுவினர் நிறுவினர்.

எது மேல்? 2002-இல் வெளியான அஃபர்ம் ஆய்வில் 4,060 பேர் பங்கேற்றனர். இரு பாதைகளுக்கும் இடையே உயிர்வாழ்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2020-இல் வந்த ஈஸ்ட் ஆய்வு, நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் தாளத்தை மீட்க முயன்றவர்களுக்கு இதய நோய் சார்ந்த பாதிப்புகள் குறைந்ததைக் காட்டியது. அஃபர்ம் ஆய்வில் மற்றொரு பாடமும் உண்டு. அதில் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்தியவர்கள் அல்லது போதிய அளவில் எடுக்காதவர்கள். தாளம் திரும்பியதால் மருந்து வேண்டாம் என்று ஆகிவிடாது. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவது கேள்வி மாற்றுவதில்லை.

ஒரே நோய், இரண்டு முடிவுகள்

“உங்களால் இப்போது எதைச் செய்ய முடியவில்லை, டீச்சர்?” என்று மருத்துவர் கேட்டார். முதல் மாடியில் இருக்கும் எட்டாம் வகுப்புக்கு ஏறியதும் வருகைப்பதிவை மூச்சு வாங்காமல் வாசிக்க முடியவில்லை என்றேன். அது நோயாலா, இரத்த அழுத்த மாத்திரையாலா, எடையாலா என்று பிரித்தறிய ஒரு வழி இருந்தது. காலாண்டு விடுமுறையில் மின் அதிர்ச்சி சிகிச்சை செய்துகொண்டேன். பத்து வாரம் தாளம் நிலைத்தது. அந்தப் பத்து வாரமும் படி ஏறினேன், நின்றுகொண்டே இரண்டு பாடவேளை நடத்தினேன். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் தாளம் மீண்டும் தவறியது. சோர்வுக்குக் காரணம் நோயே என்பது தெளிவாயிற்று.

எங்கள் ஒன்றியத்தில் 59 வயதுத் தலைமை ஆசிரியர் ஒருவருக்கும் இதே நோய். பல ஆண்டுகளாக இருக்கிறது, மேலறை மிகவும் விரிந்துவிட்டது. அவருக்கோ எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார். வேகக் கட்டுப்பாடும் உறைவுத் தடுப்பு மருந்தும் போதும் என்று அவரும் அவருடைய மருத்துவரும் முடிவு செய்தார்கள். அவருக்கு அது சரியான முடிவு.

எனக்கு நோய் புதிது, தொந்தரவு தெளிவு, ஓய்வுபெற இன்னும் பதினான்கு ஆண்டுகள் உள்ளன. அமியோடரோனை அத்தனை காலம் உண்ண விருப்பமில்லை. அப்லேஷனின் கணக்கையும் கேட்டேன். நீடித்த வகையில் ஒரு முறை செய்தால், ஓராண்டு முடிவில் தாளம் நிலைத்திருப்பவர்கள் பத்தில் ஐந்து முதல் ஏழு பேர். சிலருக்கு இரண்டாவது முறை தேவைப்படும். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இரத்தக் கசிவு, இதயத்தைச் சுற்றி இரத்தம் சேர்தல், பக்கவாதம் போன்ற கடுமையான சிக்கல் வரலாம். முதல் இரண்டு மூன்று மாதங்களில் தாளம் தவறினால் அதைத் தோல்வி என்று கணக்கிடுவதில்லை. இத்தனையும் கேட்டு வீட்டில் கலந்து பேசி, மே மாதத்தில் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருக்கிறேன். காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதிக்கு இப்போதே விண்ணப்பித்துவிட்டேன். அச்சம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெரிகிறது.

அதுவரை என் கையில் இருக்கும் வேலை எடைக் குறைப்பு. உடல் எடையில் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைத்துத் தக்கவைத்தவர்களுக்கு இந்த நோயின் பிடி பெரிதும் தளர்ந்ததை 2015-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வு காட்டியது. நான் இதுவரை ஆறு கிலோ குறைத்திருக்கிறேன். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்கக் கோளாறு, மது, கட்டுப்படாத இரத்த அழுத்தம், தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவையும் இந்நோயைத் தூண்டுபவை.

பள்ளியில் கவனிக்க வேண்டியவை

* விரத நாளிலும் பயிற்சி நாளிலும் தேர்தல் பணியிலும் மருந்து வேளை தவறக்கூடாது. புதிய மருந்துகளின் விளைவு ஒரு நாளிலேயே பெருமளவு வடிந்துவிடும். ரிவராக்சபானை உணவோடு எடுக்க வேண்டும்.
* முழங்கால் வலி, கழுத்து வலிக்கு டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. இரத்தக்கசிவு கூடும்.
* பல் பிடுங்குவதற்கு முன் மருந்தின் பெயரைச் சொல்லவேண்டும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.
* தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.
* மருந்தின் பெயர், அளவு, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய சீட்டு என் அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. தலைமை ஆசிரியருக்கும் அது தெரியும்.
* முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரென்று தெரிந்தாலும் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள்.

ஆசிரியர் அறையில் ஐந்து நிமிட இடைவேளை கிடைத்தால் உங்கள் நாடியைத் தொட்டுப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்களும் கட்டாயம் பாருங்கள். எண்ணிக்கையோடு இடைவெளியையும் கவனியுங்கள். தொடர்ந்து சீரில்லாமல் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஓர் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். நோய் இருப்பதாகத் தெரிந்தால் இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதற்கு உங்கள் மதிப்பெண் பதில் சொல்லும். இரண்டாவதற்கு, உங்களால் எதைச் செய்ய முடியாமல் போயிருக்கிறது என்பதை மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.