டக்ஸிடோவுக்குத் துணை எது?

கல்யாண வரவேற்பு மேடையில் மாப்பிள்ளை கறுப்பு டக்ஸிடோவில் நிற்பது இன்று தமிழ்நாட்டில் பழகிப்போன காட்சி. கோட்டின் துணிக்கும் தையல் கூலிக்கும் யோசித்துச் செலவு செய்கிறவர்கள், கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு, பாக்கெட் ஆகியவற்றுக்கு வேண்டிய சின்னப் பொருட்களைக் கடைசி நேரத்தில் அவசரமாக வாங்குகிறார்கள். பளபளக்கும் சிவப்பு டை, கல் பதித்த புரூச், தொங்கும் சங்கிலி என்று அலங்காரம் கூடிக்கொண்டே போகிறது. உடையின் கம்பீரம் குறைந்துகொண்டே வருகிறது. டக்ஸிடோவுக்கு உரிய துணைப் பொருட்கள் பெரும்பாலும் அலங்காரத்துக்காகப் பிறந்தவை அல்ல. பட்டன், தையல், இணைப்பு என்று உடையில் துருத்தித் தெரியும் ஏதோ ஒன்றை மறைப்பதுதான் அவற்றின் வேலை. எது எதை மறைக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை வாங்குவது, எதை விடுவது என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த உடை வந்த வழியே இதற்குச் சாட்சி. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர், வால் வைத்த நீண்ட கோட்டுக்குப் பதிலாக, சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் சாவகாசமாக உட்கார்ந்து விருந்துண்ண ஒரு குட்டைக் கோட்டை 1865-இல் தைக்கச் சொன்னதாக லண்டன் தையல் நிறுவனமான ஹென்றி பூல் கூறுகிறது. நியூயார்க் நகருக்கு வடக்கே 1886-இல் உருவான டக்ஸிடோ பார்க் என்ற செல்வந்தர் குடியிருப்பின் வழியாக அமெரிக்காவில் அதற்கு இன்றைய பெயர் அமைந்தது. இரவு விருந்துக்கான உடை என்பதால், விளக்கு வெளிச்சத்தில் கறுப்பும் வெள்ளையும் மட்டும் தெளிவாகத் தெரிந்து, முகம் எடுப்பாக நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இடையில் கண்ணை இழுக்கும் எதுவும் அந்த நோக்கத்தைக் கெடுக்கும்.

உடையை மேலிருந்து கீழாகப் பாருங்கள். சட்டைக் காலரின் பட்டனை போ டை மூடுகிறது. சட்டையின் முன்பக்கத்தில் சாதாரண பட்டன் தெரியாதபடி, ஸ்டட் எனப்படும் கழற்றி மாட்டும் குமிழ்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. ஒற்றைப் பட்டன் கோட்டைப் பூட்டியதும், பட்டனுக்குக் கீழே வெள்ளைச் சட்டை முக்கோணமாக எட்டிப் பார்க்கும். அதையும் கால்சட்டையின் இடுப்புப் பட்டியையும் கம்மர்பண்ட் என்ற அகலமான இடுப்புத் துணியோ, தாழ்வாக வெட்டிய வெயிஸ்ட்கோட்டோ மறைத்துவிடும். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால் இரண்டையும் சேர்த்து அணியக் கூடாது. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து மூடும் டபுள் பிரெஸ்ட் கோட்டுக்கு இரண்டுமே வேண்டாம். கால்சட்டையின் பக்கத் தையலை சாட்டின் பட்டை மூடுகிறது. பெல்ட்டின் பக்கிள் இடுப்பில் மின்னும் என்பதால் பெல்ட்டுக்கு இடமில்லை. கோட்டுக்குள் மறைந்திருக்கும் சஸ்பெண்டர்தான் கால்சட்டையைத் தாங்க வேண்டும்.

மறைப்பது ஒன்று, பொருந்துவது இன்னொன்று. கோட்டின் லேப்பல், அதாவது மார்பில் வெளிப்புறமாக மடிந்திருக்கும் பகுதி மீது பட்டுத்துணி வைத்துத் தைத்திருப்பார்கள். அது வழுவழுப்பான சாட்டினாக இருந்தால் போ டையும் சாட்டினில் இருக்க வேண்டும். மெல்லிய வரி ஓடும் க்ரோக்ரேன் துணியாக இருந்தால் டையும் அதிலேயே அமைய வேண்டும். வேட்டியின் கரைக்கும் அங்கவஸ்திரத்தின் கரைக்கும் பொருத்தம் பார்க்கிறவர்களுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. தயாராக முடிச்சிட்டு விற்கும் டையைவிடக் கையால் கட்டும் டை நல்லது. கையால் இடும் முடிச்சின் சிறு கோணல்தான் அதற்கு உயிர். டையின் அகலம் கண்களின் வெளி ஓரத்துக்குக் குறையாமலும், முகத்தின் விளிம்பைத் தாண்டாமலும் இருந்தால் போதும். ஸ்டட்களுக்குக் கறுப்பு ஓனிக்ஸ் அல்லது முத்துச்சிப்பி ஏற்றது. சட்டைக் கையின் நுனியைப் பூட்டும் கஃப்லிங்க்கும் அதே உலோகத்தில், அதே சாயலில் இருக்கட்டும். மேல் பாக்கெட்டில் வெள்ளை லினன் கைக்குட்டை ஒன்று நேர்மடிப்பாக இருந்தால் போதுமானது. காலுக்குக் கறுப்பு பேடன்ட் லெதர் ஷூவும், உட்காரும்போது கெண்டைக்கால் தெரியாத அளவுக்கு நீண்ட கறுப்பு சாக்ஸும் வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் அணிகிறவரின் தனித்தன்மை எங்கே போகும், திரை நட்சத்திரங்கள் நீண்ட டையும் வண்ண வெல்வெட்டும் அணியவில்லையா என்று கேட்கலாம். தனித்தன்மைக்கு இடம் உண்டு. அது ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 1964-இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஷான் கானரி வெள்ளை டின்னர் கோட்டில் ஒற்றைச் சிவப்புக் கார்னேஷன் பூவைச் செருகி வந்தார். சுற்றிலும் எல்லாம் அடக்கமாக இருந்ததால்தான் அந்தப் பூ நினைவில் நின்றது. அதோடு வண்ண டையும் வண்ணக் கைக்குட்டையும் சேர்ந்திருந்தால் பூ எடுபட்டிருக்காது. கைக்கடிகாரத்துக்கும் இதே அளவுகோல்தான். விருந்தில் நேரம் பார்ப்பது விருந்தளிப்பவரை அவமதிப்பதாகும் என்று முன்பு அதைத் தவிர்த்தார்கள். இன்று கறுப்புத் தோல் வாரில் மெல்லிய கடிகாரம் கட்டுவதில் குறையில்லை. சட்டைக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கனத்த கடிகாரம் பொருந்தாது.

வெள்ளைக்காரனின் விதிகளுக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வி இதைவிட வலுவானது. டக்ஸிடோ அணிந்தே ஆக வேண்டும் என்று நம்மை யாரும் வற்புறுத்தவில்லை. பட்டு வேட்டி சட்டை எந்த விருந்துக்கும் குறைந்த உடை அல்ல. ஆனால் இந்த விதிகளை முழுக்க அந்நியம் என்றும் சொல்லிவிட முடியாது. வெயிஸ்ட்கோட்டின் புழுக்கம் தாங்காமல் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் இங்கிருந்த இடுப்புக்கச்சையை எடுத்துக் கட்டிக்கொண்டதில்தான் கம்மர்பண்ட் பிறந்தது. அமெரிக்காவின் கோடை விருந்துகளில் மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்தித்துணியில் கம்மர்பண்டும் போ டையும் தைத்து அணியும் வழக்கமும் உண்டு. இரண்டு மாற்றங்களுக்கும் தட்பவெப்பம் என்ற காரணம் இருந்தது. இரண்டிலும் இடுப்பை மறைக்கும் வேலை மாறவில்லை. விதி எதற்கு என்று அறிந்து மாற்றியதால்தான் அவை நிலைத்தன.

செலவைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். வாடகைக்கு எடுத்த கோட்டாக இருந்தாலும், கையால் கட்டும் கறுப்பு டை, வெள்ளைக் கைக்குட்டை, எளிய ஸ்டட், கறுப்பு சாக்ஸ் ஆகியவற்றின் விலை கோட்டின் விலையோடு ஒப்பிடும்போது சிறிது. ஆகவே கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, இது எதை மறைக்கிறது, எதோடு பொருந்துகிறது என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள்.