கண்ணாடிக்கு எந்தப் பக்கம் வியர்க்கிறது?

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்ததே, அந்த மாதிரி ராத்திரியில் காரை எடுக்கிறவர்களுக்குப் பெரிய கும்பிடு. இது சாதாரண கார்த்திகை மழைக்கு.

நாலு நண்பர்கள் மாமல்லபுரம் அலையில் நனைந்து, அப்படியே காரில் ஏறி ஈ.சி.ஆரில் திரும்புகிறார்கள். கோவளம் வருவதற்குள் முன்கண்ணாடி சலவை வேட்டி! எதிரே வரும் பஸ், வெறும் இரண்டு வெளிச்சப் புள்ளி. உடனே கையில் மஞ்சள் துணி.

துடைக்காதீங்க சார். ஓரங்கட்டி, உள்பக்கம் விரலால் ஒரு கோடு போடுங்கள். விழுந்தால் மூட்டம் உள்ளே. மூச்சும் ஈரத்துணியும் விட்ட ஆவி, மழையில் குளிர்ந்த கண்ணாடியில் படிந்திருக்கிறது. ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். 'மழையிலா ஏ.சி.?' என்பார் பின்சீட்டுக்காரர். ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்கும். காருக்கு அடியில் சொட்டுவது அதுதான். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணையுங்கள். நடுங்கினால் சூட்டைக் கூட்டிக்கொள்ளலாம், ஏ.சி. ஓடட்டும்.

கோடு விழவில்லையா? மூட்டம் வெளியே. ஏ.சி. கண்ணாடியை ரொம்பக் குளிர வைத்துவிட்டது. வைப்பரை ஓட்டி, குளிரைக் குறைத்தால் போச்சு.

வீட்டுக்குப் போனதும் மேட்டைக் கவனியுங்கள். கடல்நீர் பட்ட மேட், காய்ந்த மாதிரி நடிக்கும். உள்ளே இருக்கும் உப்பு மறுபடி ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் அலசி, வெயில் வந்ததும் காயப்போடுங்கள்.