அயல்நாட்டில் கைதானவரின் உரிமை

பிழைப்பின் நிமித்தம் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றிருக்கும் நம்மவருள் ஒருவர், குற்றம் செய்தோ செய்யாமலோ அங்குள்ள போலீசாரால் பிடித்துச் செல்லப்பட்டு, தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிடச் சொல்லப்படும் வேளையில், அவருக்குத் துணை நிற்கும் சட்டம் எது என்று கேட்டால், அந்நாட்டுச் சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டி விடை கண்டுவிட முடியாது. 1963-ஆம் ஆண்டு வியன்னா நகரில் உருவாகி 1967-இல் அமலுக்கு வந்த கான்சல் உறவுகள் பற்றிய உடன்படிக்கையின் 36-ஆம் ஷரத்தே இத்தகையவருக்குக் கைகொடுப்பது. கைதானவர் வேண்டிக்கொண்டால் அச்செய்தியை அவர் நாட்டுக் கான்சல் (தூதரக) அலுவலகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்றும், அவ்வாறு வேண்டிக்கொள்ளும் உரிமை உண்டென்பதை அவரிடமும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்றும், கான்சல் அதிகாரி சிறைக்கு வந்து அவரைக் கண்டு பேசவும் வக்கீல் அமர்த்த ஏற்பாடு செய்யவும் இடம் தர வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

ஒரு ராஜ்யம் இன்னொரு ராஜ்யத்துக்குக் கொடுத்த வாக்கு, சிறையில் கிடக்கும் கூலித் தொழிலாளிக்கு எப்படிப் பயன்படும்? உலகம் முழுமைக்கும் சட்டமியற்றும் சபை இல்லை, மீறும் அரசைப் பிடித்துவரப் போலீசும் இல்லை, ஆகவே சர்வதேசச் சட்டம் வெறும் சம்பிரதாயப் பேச்சே என்று கருதுவோர் பலர். இந்த எண்ணம் பாமர ஜனங்களுக்குப் பெருங்கேடு விளைப்பது. ஏனெனில் இல்லையென்று நம்பிவிட்ட உரிமையை எவரும் வாய் திறந்து கேட்கப்போவதில்லை.

உண்மையில் சர்வதேசச் சட்டத்துக்கு வரையறுத்த மூலங்கள் உண்டு. ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் எவற்றைச் சட்டமாகக் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டும் என்பதை அதன் சாசனத்தின் 38-ஆம் ஷரத்து வகுத்திருக்கிறது. தேசங்கள் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கைகள், சட்டக் கடமையென்றே மதித்து அவை அனுசரித்துவரும் வழக்கங்கள், பல நாட்டுச் சட்டங்களுக்கும் பொதுவான நியாயத் தத்துவங்கள் ஆகியவை மூலங்கள். தீர்ப்புகளும் பண்டிதர்களின் நூல்களும் அவற்றைக் கண்டறியத் துணை செய்பவை. உடன்படிக்கை, அதை ஏற்ற நாட்டை மட்டுமே கட்டும். ஏற்றபின், எங்கள் உள்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை என்று அந்த நாடு தப்பித்துக்கொள்ள முடியாது.

எழுதாத வழக்கத்துக்கு இத்தனை வலிமை உண்டா என்று ஐயுறுவோர், 1898-இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் யுத்தம் மூண்டபோது கியூபாக் கரையோரத்தில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். மூன்று பேர் சென்ற பக்கேதே ஹபானா, ஆறு பேர் சென்ற லோலா என்னும் இரு சிறு மீன்பிடிப் படகுகள், பிடித்த மீனை உயிரோடு வைத்துக்கொண்டு கரை திரும்புகையில், போர்க்கப்பல்கள் மறிக்கும் வரை யுத்தம் தொடங்கியதையே அறியாதிருந்தன. அமெரிக்கக் கடற்படை அவற்றைப் பிடித்து கீ வெஸ்ட் துறைமுகத்துக்குக் கொண்டுபோக, ஒன்று 490 டாலருக்கும் மற்றது 800 டாலருக்கும் ஏலம் போயின. செம்படவர்களைக் காக்கும் உடன்படிக்கை ஏதும் இல்லாதிருந்தும், அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1403-இல் இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றி பிறப்பித்த ஆணை தொடங்கிப் பல ராஜ்யங்களின் நடைமுறையை ஆராய்ந்து, கரையோரத்தில் மீன் பிடித்துப் பிழைக்கும் படகுகளை யுத்த காலத்திலும் பறிமுதல் செய்யலாகாது என்பது சட்டமாகவே நிலைத்துவிட்டதென்று 1900-இல் தீர்ப்பளித்து, ஏலத் தொகையை நஷ்ட ஈட்டுடன் திருப்பித்தரச் சொல்லிற்று. வென்ற நாட்டின் நீதிமன்றமே தன் கடற்படையின் செயலைச் சட்டவிரோதம் என்று தள்ளிய அந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

எந்த மூலத்திலிருந்து உரிமை பிறக்கிறது என்பதைப் பொறுத்தே பரிகாரமும் அமையும். விசாரணையில் இலவச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை 1966-ஆம் ஆண்டுக் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கை உறுதி செய்கிறது. ஆனால் சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை அதில் சேரவில்லை. கான்சல் உடன்படிக்கையிலோ இந்நான்கும் சேர்ந்திருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே நம் தொழிலாளி பற்றிக்கொள்ள வேண்டிய கயிறு கான்சல் உடன்படிக்கையே.

அதன் வலிமையையும் பலவீனத்தையும் மூன்று வழக்குகள் காட்டும். அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில் லாகிராண்ட் சகோதரர் இருவர், ஜெர்மானியப் பிரஜைகளாயிருந்தும் கான்சல் உதவி கேட்கும் உரிமை அவர்களுக்கு உரிய காலத்தில் சொல்லப்படாமல், 1999-இல் மரண தண்டனையால் உயிரிழந்தனர்; இது அரசுகளுக்கு மட்டுமன்றித் தனி மனிதருக்கும் உரிய உரிமை என்று 2001-இல் ஹேக் நீதிமன்றம் தெளிவாக்கிற்று. அமெரிக்காவின் மீது மெக்சிகோ தொடுத்த வழக்கில், மெக்சிகோ நாட்டுக் கைதிகள் ஐம்பத்தொருவர் விஷயத்தில் உடன்படிக்கை மீறப்பட்டதென்று 2004-இல் தீர்ப்பாகியும், அவர்களுள் ஒருவருக்கு டெக்சாஸ் மாகாணம் 2008-இல் மரண தண்டனையை நிறைவேற்றிற்று. பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கிலோ, ஒற்றரென்று குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இவ்வுரிமை உண்டென்றும், கைதை இந்தியாவுக்கு அறிவிக்கப் பாகிஸ்தான் மூன்று வாரம் கடத்தியது தவறென்றும் 2019-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனையை மறுபரிசீலனை செய்யவும் அதுவரை நிறுத்திவைக்கவும் சொல்லிற்றேயன்றி, விடுதலை செய்யச் சொல்லவில்லை. அந்த நீதிமன்றத்தில் அரசுகள் மட்டுமே வழக்காட முடியும். அதுவும் இரு தரப்பும் அதன் அதிகாரத்துக்குச் சம்மதித்திருந்தால்தான். காலம் கடந்தபின் வரும் பரிகாரத்தைவிட, கைதான நாளிலேயே கேட்டுப் பெறும் உதவி பன்மடங்கு மேலானது.

கைதானவர், "எங்கள் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்" என்று போலீசாரிடம் கேட்க வேண்டும். கேட்டதைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அவர்கள் செவிசாய்க்காவிட்டால் நீதிபதி முன் நிறுத்தப்படும்போது மறுபடியும் சொல்ல வேண்டும். விசா காலாவதியானவர், வேலை செய்த வீட்டிலிருந்து ஓடிவந்த பணிப்பெண் என்று எவரையும் இந்த ஷரத்து விலக்கவில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சகஜமாகிவிட்டபடியால், அதன் நகல் ஒன்று ஊரில் குடும்பத்தாரிடம் இருப்பது மிக அவசியம். கைதான செய்தி எட்டியதும் அவர்களே தூதரகத்துக்கு எழுதலாம், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியலாம். வக்கீல் வைக்க வசதியற்றவர், 2009-இல் தோன்றிய இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவி கோரலாம். கான்சல் அதிகாரி கைதியை விடுவிக்கவோ அந்நாட்டுச் சட்டத்தை மாற்றவோ வல்லவரல்லர். ஆனால் வெளியுலகம் ஒருவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தபின் சிறைக் காவலர்கள் நடந்துகொள்ளும் விதம் வேறாகிவிடும்.

தம் சொந்த அரசுக்கே அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவருக்கு, கான்சலின் வருகை அபயமாகாமல் ஆபத்தாகவும் முடியலாம். கைதானவரின் வேண்டுகோளை எதிர்பார்த்தே அறிவிக்கும் கடமை அமைந்திருப்பதும், அவர் வெளிப்படையாக மறுத்தால் கான்சல் விலகி நிற்க வேண்டும் என்று அதே ஷரத்து கூறுவதும் அத்தகையவருக்குப் பெரும் பாதுகாப்பு. அவர் தூதரகத்தை நாடாமல், ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் அங்கே இருக்குமாயின், அதற்குத் தெரிவிக்கும்படி கேட்பதே உசிதம்.