மியூட் பட்டனா, ஓட்டுப்பெட்டியா?

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். காலேஜ் படிக்கும்போது ஹாஸ்டல் பசங்களுக்காக ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தினேன். ஒருத்தன் மத்தவங்க கட்டின வீட்டையெல்லாம் இடிச்சுட்டே இருந்தான். பேன் பண்ணலாமான்னு ஓட்டெடுப்பு வெச்சோம். வேண்டாம்னு முடிவாச்சு. அன்னைக்கு ராத்திரி நானே அவனைத் தூக்கிட்டேன். அட்மின் பாஸ்வேர்டு என்கிட்டதானே இருந்துச்சு!

இதே சிக்கல் 1993-லயே வந்திருக்குன்னு எனக்கு அப்போ தெரியாது. லாம்டாமூன்னு ஒரு ஆன்லைன் உலகம். ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்த பேவல் கர்டிஸ் 1990-ல ஆரம்பிச்சது. கிராஃபிக்ஸே கிடையாது, எல்லாம் எழுத்துதான். அட்மின்களுக்கு அங்கே 'விசார்ட்'னு பேர். 1992 டிசம்பர்ல கர்டிஸ் ஒரு அறிவிப்பு போட்டார்: விசார்ட்கள் இனி டெக்னிக்கல் வேலை மட்டும்தான் பார்ப்போம், சண்டை சச்சரவை நீங்களே தீர்த்துக்கோங்க. கேட்க அழகாத்தான் இருக்கு.

சில மாசத்துலயே ஒரு பிளேயர், சூனிய பொம்மை மாதிரி ஒரு புரோகிராமை வெச்சு, மத்தவங்களோட கேரக்டர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாகுற மாதிரி பொது ஹால்ல எழுத வெச்சான். 'பிடிக்கலைன்னா மியூட் பண்ணிக்கோ'ன்னு சொல்லலாம். அதுக்கு அங்கே 'கேக்'னு ஒரு கமாண்டும் இருந்துச்சு. ஆனா கேக் பண்ணினா உங்க ஸ்கிரீன்ல மட்டும்தான் அது மறையும். ஹால்ல இருக்கிற மத்த எல்லாரும் உங்க பேர்ல நடக்கிறதைப் படிச்சுட்டுத்தான் இருப்பாங்க. தனிமனித சுதந்திரம்னு நாம கொடுக்கிற மியூட் பட்டனோட எல்லை இதுதான். அது என் கண்ணை மூடும், என் பேரைக் காப்பாத்தாது.

பிளேயர்கள் கூடிப் பேசினாங்க. முடிவே வரலை. கடைசியில ஒரு விசார்ட் தனியா அந்த அக்கவுன்ட்டையே அழிச்சுட்டார். (என்னை மாதிரியே! என்ன, அவருக்கு என்னைவிட வலுவான காரணம் இருந்துச்சு.)

அதுக்கப்புறம்தான் கர்டிஸ் மனு, ஓட்டுன்னு ஒரு முறையையே கோடு பண்ணினார். யார் வேணும்னாலும் மனு போடலாம். போதுமான கையெழுத்து சேர்ந்து, விசார்ட்கள் பரிசீலிச்சு, அப்புறம் வாக்கெடுப்பு. எதிர் ஓட்டைப்போல ரெண்டு மடங்கு ஆதரவு இருந்தாத்தான் பாஸ். பெரும்பான்மை நினைச்ச உடனே ஒருத்தரைத் துரத்திட முடியாதபடி போட்ட பிரேக்னுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

அப்படியும் 1996-ல விசார்ட்கள் பின்வாங்கிட்டாங்க. டெக்னிக்கல் முடிவையும் சமூக முடிவையும் பிரிக்கவே முடியலைன்னு ஒத்துக்கிட்டாங்க. டிஸ்க்ல யாருக்கு எவ்வளவு இடம்ங்கிறதே அங்கே அரசியல். கோடு எழுதுற ஆளா எனக்கு இதுல ஆச்சரியமே இல்லை. எத்தனை ஓட்டு விழுந்தாலும், சர்வரை நிறுத்துற கை யாரோடதோ அவங்கதான் அரசாங்கம்.

இப்போ நடத்துற சர்வர்ல ஒண்ணே ஒண்ணு மாத்தியிருக்கேன். யார் யாரை பேன் பண்ணினாங்க, ஏன்னு எல்லாரும் பார்க்கிற சேனல்ல தானா ஒரு பதிவு விழும். அதை அழிக்கிற உரிமை எனக்கும் இல்லை. சரி, சர்வர் என்னோடது, நினைச்சா அதையும் மாத்தலாம். என் பேர் இதுவரைக்கும் அதுல ரெண்டு தடவை வந்திருக்கு. ரெண்டாவது தடவைக்கு இன்னும் திட்டு வாங்கிட்டு இருக்கேன்.