மூக்குக்கு ஒரு பாலம்! காதுக்கு ஒரு கொக்கி!

சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் நெல் விளையும் பகுதி. இங்கும், மற்ற ஊர்களிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. "தூரத்தில் வரும் பஸ் தெரிகிறது. அரிசியில் கிடக்கும் கல் தெரியவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை."

இது வியாதி அல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக இறுகிவிடுகிறது. அதனால் கிட்டத்தில் இருப்பது மங்குகிறது. இதற்கு எளிய பரிகாரம், மூக்குக் கண்ணாடி.

பெயரைக் கவனித்தீர்களா? பார்ப்பது கண். பெயரோ மூக்குக்கு! அதிலும் நியாயம் இருக்கிறது.

மூக்கு சுமக்கிறது

இரண்டு வளையங்களில் இரண்டு வில்லைகள். அவற்றை மூக்கின் மேல் இணைப்பது ஒரு சிறு பாலம். பாலத்துக்குக் கீழே, மூக்கின் இரு புறமும் பதியும் இரண்டு சின்னத் தாங்கிகள். கண்ணாடியின் பெரும் பாரத்தை மூக்குதான் சுமக்கிறது.

காது என்ன செய்கிறது? கண்ணாடி நழுவாமல் பிடித்துக் கொள்கிறது. இத்தாலி நாட்டில் 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மூக்குக் கண்ணாடி தோன்றியது. அப்போது அதற்குக் காம்பு கிடையாது! கையால் பிடிக்க வேண்டும்; அல்லது மூக்கில் இடுக்கிக் கொள்ள வேண்டும். காதில் மாட்டும் காம்பு வந்தது 18-ம் நூற்றாண்டில்தான்.

காம்பை மடக்க உதவுவது ஒரு கீல். கீலில் ஒரு திருகாணி. கடுகளவுதான் இருக்கும். அது விழுந்துவிட்டால் நூலால் கட்டிப் போட்டுக் கொள்கிறோம். அங்கேதான் தவறு!

நடுப்புள்ளி

கிட்டப் பார்வைக்கு உதவும் வில்லை நடுவில் தடித்தது. தூரப் பார்வை மங்கியவருக்குத் தரும் வில்லை நடுவில் மெலிந்தது. எதுவானாலும் அதன் நடுப்புள்ளி, கண்ணின் பாப்பாவுக்கு நேராக நிற்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டு பாப்பாக்களுக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள்.

காம்பு கோணினால் நடுப்புள்ளியும் விலகும். தலை வலிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடி நமக்குப் பொருந்தாததற்கும் இது ஒரு காரணம். அவர் கண் வேறு, அளவு வேறு!

தேயிலைத் தோட்டத்தில் சோதனை

கண்ணாடி போட்டால் கூலி வேலைக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களில் ஒரு பாதியினருக்கு முதலில் கண்ணாடி கொடுத்தார்கள். மறு பாதியினருக்குச் சோதனை முடிந்த பிறகே கொடுத்தார்கள். முடிவு 2018-ம் ஆண்டில் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்களின் வேலைத் திறன், போடாதவர்களைவிட 21 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது!

கொழுந்து பறிக்க உதவிய கண்ணாடி, களை எடுக்கவும், விதை பொறுக்கவும் உதவாதா?

ஆகவே, கண்ணாடியை இரண்டு கைகளாலும் கழற்றுங்கள். வில்லை தரையில் படாமல் வையுங்கள். திருகாணி தளர்ந்தால் கடையில் கொடுத்து முடுக்குங்கள். வாங்குமுன் கண்ணைப் பரிசோதியுங்கள். கண்புரை போன்ற வேறு கோளாறு இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

முதியோர் கல்வியில் எழுத்துக் கற்றவர் சிலர், "எல்லாம் மறந்து போச்சு" என்று பத்திரிகையைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். எழுத்து மறக்காமலே இருக்கலாம். கண் ஒரு கண்ணாடி கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்!