சட்டைக்குள் ஒரு பொத்தான்

பதிமூன்று, பதினான்கு வயதில் சில பையன்கள் திடீரென்று சட்டையைக் கழற்றக் கூசுவார்கள். நீச்சலுக்குக் கூப்பிட்டால் சாக்குச் சொல்வார்கள். மார்க்காம்புக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஏதோ தட்டுப்படும். புத்தகப்பையின் வார் உரசினாலே வலிக்கும். புற்றுநோயோ என்று ஒரு பயம். பெண்ணாக மாறுகிறோமோ என்று அதைவிடப் பெரிய பயம். ஆனால் பருவமடையும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. 40 பையன்கள் உள்ள வகுப்பில் 20 பேர், தனக்கு மட்டும்தான் இப்படி என்று தனித்தனியே ஒளித்து வைத்திருக்கலாம்.

இதற்கு அடிப்படை, மீசையை அரும்பவைக்கும் அதே ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான்! அதன் மூலக்கூறில் 19 கார்பன் அணுக்கள். உடலில் வேதிவினைகளை முடுக்கும் புரதங்களுக்கு நொதிகள் என்று பெயர். அவற்றில் அரோமட்டேஸ் என்ற நொதி, ஒரே ஒரு கார்பனைக் கழற்றிவிட்டு ஒரு வளையத்தைச் சற்றே மாற்றியமைக்கிறது. 18 கார்பன்களோடு வெளிவருவது ஈஸ்ட்ரோஜன், அதாவது பெண் ஹார்மோன். எல்லா ஆண்களின் உடலிலும் இந்த மாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது.

பருவத்தின் தொடக்கத்தில் டெஸ்டோஸ்டிரோன் இன்னும் முழு அளவை எட்டியிருக்காது. அந்த இடைவெளியில் சமநிலை கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் பக்கம் சாய்கிறது. கரு ஆணா பெண்ணா என்று பிரியும் முன்பே உருவாகிவிட்ட மார்புத் திசு, அதற்குச் செவிசாய்த்து வீங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும், பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் வீக்கம் தானாக வடிந்துவிடும்.

அப்படியானால் ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் எதற்கு? 1994இல் மருத்துவர்கள் ஒரு மனிதரைப் பற்றி எழுதினார்கள். வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருந்தது. ஒரு மரபணுப் பிழையால் அவர் உடலால் ஈஸ்ட்ரோஜனை உணர முடியவில்லை; எலும்புகளும் வலுவிழந்திருந்தன. எலும்பின் நுனிகளில் இருக்கும் வளர்தட்டுகளை, அதாவது நீளத்தைக் கூட்டும் குருத்தெலும்புப் பட்டைகளை, உரிய வயதில் மூடவைப்பது ஈஸ்ட்ரோஜன். அரோமட்டேஸே இல்லாத இன்னொரு ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தும் தட்டுகள் மூடவில்லை. ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் சில மாதங்களில் மூடின. ஆணின் உயரத்துக்கு எல்லை போடுவதே பெண் ஹார்மோன்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இதே வேதியியல் உடற்பயிற்சிக் கூடத்திலும் விளையாடுகிறது. தசைக்காக வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்களின் உடலில், அரோமட்டேஸ் அதையும் ஈஸ்ட்ரோஜனாக்குகிறது, மார்பு வீங்குகிறது.

பையன்களே, அந்த வீக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். தளர்வான சட்டை போட்டால் உரசல் குறையும். அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லிவிடுங்கள். வீக்கம் கல்போல் கெட்டியாகவோ காம்பை விட்டு விலகியோ இருந்தாலும், காம்பில் நீர் கசிந்தாலும், விதையில் கட்டி தென்பட்டாலும், பருவத்தின் மற்ற அறிகுறிகள் தொடங்கும் முன்பே வந்தாலும், இரண்டு ஆண்டு தாண்டியும் வடியாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.